பதினாறு துண்டும் இரண்டாவது கையும்

முப்பத்தொரு வருடம் பிஸ்கட் கம்பெனியில் சம்பளம் வாங்கியவன் நான். ஓய்வு பெற்ற மூன்றாவது வாரம், வீட்டுச் சமையலறையில் என் கையால் செய்த முதல் தட்டு உப்பு கிராக்கர், ஓவனிலிருந்து பூரியாக வெளியே வந்தது.

மிகைப்படுத்தவில்லை. மாவு சரியாக இருந்தது, உப்பும் வெண்ணெயும் சரியாக இருந்தன. தாளைப் போல மெல்லிசாகத் தேய்த்து, ஸ்கேல் வைத்துச் சதுரம் சதுரமாக வெட்டி, ஓவனின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஆறாவது நிமிடம் ஓரத்தில் இருந்த ஒன்று வயிற்றை உப்பிக் காட்டியது. அதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தது. பத்தாவது நிமிடம் முப்பதும் தலையணைகள்.

குத்த மறந்துவிட்டேன். கிராக்கர் மாவை ஓவனுக்குள் அனுப்புவதற்கு முன் முள்கரண்டியால் வரிசையாகத் துளை போட வேண்டும். உள்ளே உண்டாகும் ஆவி அந்த வழியாகத்தான் வெளியேறும். வழி இல்லாவிட்டால் அது மாவைத் தூக்கிக்கொண்டு எழும். இதைப் புதிதாக வேலைக்கு வருகிற அத்தனை பேருக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் கம்பெனியில் துளை போட்டது முள் உருளை ஒன்று. முப்பத்தொரு வருடம் அது என் கண் முன்னால் சுற்றிக்கொண்டிருந்ததில், அது செய்த வேலையை நான் செய்ததாகவே நம்பியிருக்கிறேன்.

என் மனைவி ராஜேஸ்வரி வந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் இம்மாதிரி நேரத்தில் சிரிப்பதில்லை. அது இன்னும் மோசம்.

“ஏனுங்க, இதுக்கு உருளைக்கிழங்கு மசால் பண்ணட்டுங்களா, இல்ல மத்தியானத்துக் குருமாவே போதுமுங்களா?” என்று கேட்டாள்.

இந்த லட்சணத்தில் இருக்கிறவனைத்தான், வீட்டிலேயே கேக்கும் பிஸ்கட்டும் செய்து விற்கிற கோவைப் பெண்கள் சிலர் காந்திபுரத்தில் ஒரு கூடத்துக்கு அழைத்து, அனுபவத்தைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். பிறகு, “அன்னைக்குப் பேசுனத அப்படியே எழுதிக் குடுத்துருங்க சார், எங்க புஸ்தகத்துல போட்டுக்கறோம்” என்றார்கள். அப்படியே எழுதுவதில் ஒரு சிக்கல். நான் பேசி முடித்த பிறகு ஒன்று நடந்துவிட்டது. அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நான் படித்தது எம்.ஏ. தமிழ். துடியலூரைத் தாண்டி மேட்டுப்பாளையம் சாலையில் இருந்த அந்தக் கம்பெனிக்கு, பிஸ்கட் பாக்கெட்டின் மேல் தமிழில் எழுத ஒரு ஆள் தேவைப்பட்டது. எனக்குச் சோறு தேவைப்பட்டது. முதல் பாக்கெட்டில் ‘மொறுமொறுப்பின் மறுபெயர்’ என்று எழுதிக்கொடுத்தேன். முதலாளி வாசித்துவிட்டு, “புலவரே, எழுதிப்போட்டீங்க. உள்ள மொறுமொறுன்னு இருக்குதான்னு பாத்தீங்களா?” என்றார். பார்க்கவில்லை என்றேன். “அப்ப நாளையில இருந்து அதைப் பாருங்க” என்றார். இப்படித்தான் தரப்பரிசோதனைப் பிரிவுக்கு வந்தேன். சலிப்பது, பிசைவது, தேய்ப்பது, ஓவனின் எந்த மூலை சூடு, எந்த மூலை சோம்பல் என்று அறிவது, இதற்கெல்லாம் இரண்டு வருடம் போயிற்று. அந்த இரண்டு வருடத்தில் பதினோரு கிலோ கூடினேன். வேறு குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை.

என்னை ஆளாக்கியவர் தயாரிப்பு மேலாளர் ஸ்டெல்லா மேடம். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பாடல்குழுவில் பாடுகிறவர். அவருடைய காது சுருதிக்குப் பழகிய காது. கிராக்கரை வாயில் போடுவதற்கு முன் காதுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டாக உடைப்பார். ‘டக்’ என்று ஒரே சத்தமாக வந்தால் தலையசைப்பார். ‘டர்ரக்’ என்று இழுத்தால், ஈரம் இன்னும் நடுவில் இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தட்டு திரும்பிப் போகும். ஆனி ஆடியில் பாலக்காட்டுப் பக்கமிருந்து ஈரக்காற்று அடிக்கிற நாட்களில், காலை ஷிப்டில் எடுத்த கிராக்கர் நான்கைத் திறந்த ஜன்னலில் வைத்துவிட்டு, மாலையில் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் உடைத்துக் கேட்பார். காலையில் பாடியது மாலையிலும் அதே சுருதியில் பாட வேண்டும் என்பார்.

அவர் யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. மரியாதையாகவே கொன்றுவிடுவார். என் முதல் வருடத்தில், நான் சரி என்று கையெழுத்துப் போட்ட ஒரு தட்டிலிருந்து ஒன்றை உடைத்தார். சத்தமே வரவில்லை. அதை என் கையில் வைத்து, “ஏனுங்க புலவரே, இதை நீங்கதானுங்க பாஸ் பண்ணுனீங்க? பரவால்லீங்க. மழையில ஓடு ஒழுகுனா சந்துல வெச்சு அடைக்கறதுக்கு ஆகும்” என்றார். அந்த ‘ங்க’ ஒவ்வொன்றும் தனித்தனியாக இறங்கியது.

அவர் எனக்குக் கற்பித்தவற்றில் பெரியது இரண்டாவது கை. அதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். கொங்கு நாட்டில் ஒரு பண்டம் நன்றாக இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்கிற பழக்கம் கிடையாது. எதிரி வீட்டில் சாப்பிட்டாலும் நல்ல வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கை கழுவுவார்கள். ஆகவே சுவை பார்க்கிற தொழிலுக்கு இந்த ஊரைப் போல லாயக்கில்லாத ஊர் வேறு கிடையாது. சில வருட அவதிக்குப் பிறகு நானே ஓர் அகராதி தயாரித்து வைத்திருந்தேன். ‘நல்லாருக்குதுங்க’ என்றால் நன்றாக இல்லை. ‘பரவால்லீங்க’ என்றால் படுமோசம். ‘நீங்களே செஞ்சதுங்களா?’ என்று கேட்டால் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு ஓடிவிட வேண்டும். உண்மையிலேயே பிடித்திருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வாய் வேலையாக இருக்கும்.

மேடம் அந்த வாயை நம்பவே இல்லை. “முதத் துண்டை மரியாதை எடுக்குமுங்க புலவரே. ரெண்டாவதை நாக்குதான் எடுக்கும்” என்பார். செய்முறை இதுதான். தட்டு எல்லோருக்கும் எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு வருகிற அளவுக்குத் துண்டுகள் இருக்க வேண்டும். ‘எடுத்துக்குங்க’ என்று யாரும் உபசரிக்கக் கூடாது. கருத்துக் கேட்கவே கூடாது. தட்டை வைத்துவிட்டு நாம் ஜன்னலோரம் போய், வேறு வேலை இருப்பதுபோல நின்றுகொள்ள வேண்டும். நின்றபடி, இரண்டாவது முறை நீள்கிற கைகளை எண்ண வேண்டும். எங்கள் படிவத்தில் நிறம், மணம், உப்பு எல்லாவற்றுக்கும் கீழே ‘இரண்டாவது கை’ என்று ஒரு கட்டம் இருந்தது. மேடம் முதலில் பார்ப்பது அதைத்தான். அதில் பாதிப் பேருக்குக் குறைவாக எண் இருந்தால் மேலே இருப்பதைப் படிக்கவே மாட்டார்.

“தட்டைப் பாக்காதீங்க, கையைப் பாருங்க. தட்டு பொய் சொல்லும்” என்று ஆயிரம் முறை சொல்லியிருப்பார். ஆயிரம் முறையும் தலையாட்டினேன்.

இனி நான் காந்திபுரத்தில் மார்பை நிமிர்த்திச் சொன்ன கதைக்கு வருகிறேன்.

கம்பெனியில் கைமேடை என்று ஒரு பகுதி இருந்தது. நீளமான கிரானைட் மேடை, அதன் இரு பக்கமும் ஏழு பெண்கள். இயந்திரத்துக்கு ஒத்துவராத சரக்கெல்லாம் அங்கே கையால் நடக்கும். சுமார் பன்னிரண்டு வருடங்களுக்கு முன், அந்த வேலையையும் செய்கிற இயந்திரம் ஒன்று வந்து இறங்கியது. முதலாளி எங்களைக் கூப்பிட்டார். “மெசினு செய்ய முடியாத சரக்கு ஒண்ணு இந்த மேடையில இருந்து வந்துச்சுன்னா மேடை இருக்கட்டுமுங்க. இல்லீன்னா ஆடி முடிஞ்சதும் எடுத்துப்போடலாம்” என்றார். மேடையை எடுப்பது என்றால் ஏழு பேரையும் வீட்டுக்கு அனுப்புவது என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே ஏழு பேருக்கும் அரைமணி நேரத்தில் தெரிந்திருந்தது.

அந்த ஏழு பேரில் மூத்தவர் சாந்தாமணி அக்கா. என்னைவிட நான்கு வயது பெரியவர், வாயில் நாற்பது வயது பெரியவர். ஒரு வாரம் யாரிடமும் பேசாமல், உடைந்த உப்பு கிராக்கர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் ஓரம் உயர்ந்த தட்டு ஒன்றை என் மேஜைமேல் வைத்தார். ஓவனுக்கே போகாத இனிப்பு அது. மூன்று அடுக்கு. அடியில், நொறுக்கிய உப்பு கிராக்கரை உருக்கிய வெண்ணெயில் பிசைந்து, டம்ளரின் அடியால் அழுத்தி இறுக்கிய தளம். நடுவில், தேங்காய்த் துருவலும் நாட்டுச் சர்க்கரையும் கெட்டிப் பாலும் கலந்த அடுக்கு. மேலே உருக்கி ஊற்றிய சாக்லேட். குளிர்பெட்டியில் இரண்டு மணி நேரம் இறுகவைத்து, நீளத் துண்டுகளாக வெட்டியிருந்தார். கடித்தால் முதலில் சாக்லேட், பிறகு தேங்காய், கடைசியில் யாரும் எதிர்பார்க்காத இடத்தில் உப்பு. நான் ஒன்றும் சொல்லவில்லை. வாய் வேலையாக இருந்தது.

“என்னுங்க தம்பி, பேச்சையே காணோம்? உங்க புஸ்தகத்துல இருக்கற வார்த்தையெல்லாம் தீந்துபோச்சுங்களா?” என்றார்.

அன்று நன்றாக இருந்தது. மறுநாள் காலை அதே தட்டைத் திறந்தால், கிராக்கர் தளம் ஊறிப்போய்ப் பழைய சோறு மாதிரி கிடந்தது. மேடம் ஒரு துண்டைக் காதருகே வைத்து உடைத்தார். பாவம், அது உடையக்கூட இல்லை, பிரிந்தது.

“மேல் வீட்டுத் தண்ணி கீழ் வீட்டுல சொட்டுதுங்க அக்கா” என்றார். தேங்காயின் ஈரம் இரவெல்லாம் கீழே இறங்கியிருக்கிறது.

நான் உடனே வேதியியல் பேச ஆரம்பித்தேன். தமிழ் படித்தவன் வேதியியல் பேசினால் நீளமாகத்தான் பேசுவான். சாந்தாமணி அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, நிறுத்துங்க. மொட்டை மாடி ஒழுகுனா என்ன பண்ணுவாங்க? மேல ஒரு பூச்சுப் பூசுவாங்கல்லங்க?” என்றார். அவர் கணவர் கொத்தனார்.

அவ்வளவுதான். தளத்தை அழுத்திக் குளிரவைத்த பிறகு, அதன்மேல் உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டைத் தூரிகையால் தாள் கனத்துக்குப் பூசினோம். அது இறுகிய பிறகுதான் தேங்காய். தேங்காயையும் பச்சையாகப் போடாமல், நிறம் மாறாதபடி வாணலியில் வறுத்து ஈரத்தை விரட்டினோம். வெட்டுகிற கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் வெந்நீரில் நனைத்து, துடைத்து, பிறகு வெட்டினோம். துடைக்காவிட்டால் சாக்லேட் தேங்காயில் இழுபட்டு மூன்று அடுக்கும் ஒரே அடுக்காகிவிடும். நான்காம் நாள் காலையிலும் அடித்தளம் ‘டக்’ என்றது. மேடம் இரண்டாவது துண்டை எடுத்தார். அவர் தன் கையையே கவனித்துவிட்டுப் பாதியில் நிறுத்தியதையும் நான் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து முதலாளிக்குத் தெரிந்த ஒரு குடும்பம், தென்னந்தோப்புக்காரர்கள், கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குப் பெட்டியில் வைத்துக் கொடுக்கப் புதிதாக ஓர் இனிப்பு வேண்டும் என்று கேட்டார்கள். முதலாளிக்கு யோசனை. “நான் குடுத்தா அவங்க எதையும் நல்லாருக்குதும்பாங்க. கல்யாணத்துல கெடறது நம்ம பேருதானுங்க. அதனால அந்த ஊட்டுலயே வெச்சு உங்க கை டெஸ்ட்டைப் பண்ணுங்க. மேடம் கையெழுத்துப் போட்டா ஆர்டர் எடுத்துக்கலாம். மேடையும் இருக்கட்டும்” என்றார்.

ஆக ஏழு பேரின் வேலை, ஒரு படிவத்தின் கடைசிக் கட்டத்தில் நான் எழுதப்போகிற எண்ணில் வந்து நின்றது. அன்று மேடத்துக்குக் கம்பெனியில் அதிகாரிகள் பரிசோதனை. நான் போனேன். வேனில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சாந்தாமணி அக்காவும் வந்தார். தட்டில் முப்பது துண்டு. வீட்டு வாசலில் இறங்கச் சொன்னால் மாட்டேன் என்றுவிட்டார்.

“நான் வரலீங்க தம்பி. என்ற மூஞ்சியப் பாத்தா பாவம்னு இன்னொண்ணு எடுத்துப்போடுவாங்க. அப்பறம் உங்க கட்டத்துல பொய்யில்லங்களா வந்து உக்காரும்?” என்றார். தென்னை நிழலில் வேனை நிறுத்தச் சொல்லிவிட்டு அதிலேயே உட்கார்ந்திருந்தார். பிற்பாடு நடந்ததை நினைக்கும்போது இந்த வாக்கியம்தான் என்னை உறுத்துகிறது.

கூடத்தில் பதினைந்து பேர். நடுநாயகமாக மாப்பிள்ளையின் தாத்தா. எல்லோரும் அவரை அப்பாரு என்றார்கள். எண்பதை நெருங்குகிறவர், வெள்ளைச் சட்டை, பெரிய மீசை. முதல் மரியாதை அவருக்குத்தானே என்று தட்டை அவர் முன்னால் இருந்த மேஜையில் வைத்தேன். அவர் கையைக் கூப்பினார். “எனக்குச் சக்கரைங்க தம்பி. டாக்டரு இனிப்புங்கற பேச்சையே எடுக்கக் கூடாதுன்னுட்டாருங்க. அவங்களுக்குக் குடுங்க” என்றார். மற்ற பதினான்கு பேரும் ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். நான் ஜன்னலோரம் போய்த் தென்னை மரங்களில் ஆழ்ந்த ஈடுபாடு காட்டினேன்.

இரண்டாவது கை வரவில்லை.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். தட்டில் பதினாறு துண்டு அப்படியே இருந்தது. “நல்லாருக்குதுங்க” என்றார் ஒருவர். “பரவால்லீங்க” என்றார் இன்னொருவர். ஓர் அம்மாள் என் பக்கம் திரும்பி, “நீங்களே செஞ்சதுங்களா?” என்று கேட்டார். அகராதி முழுவதும் ஒரே கூடத்தில். வேனில் சாந்தாமணி அக்கா எதையோ முணுமுணுத்துக்கொண்டிருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. சாமி கும்பிடுகிறாரா, என்னைத் திட்டுகிறாரா என்று தெரியவில்லை.

வாசலுக்கு வந்து மேடத்துக்குப் போன் செய்தேன். “மேடம், பூஜ்யமுங்க.”

“தட்டை எங்கீங்க வெச்சீங்க?”

“பெரியவர் முன்னாலதானுங்க.”

“அவரு எடுத்தாருங்களா?”

“அவருக்குச் சர்க்கரைங்க மேடம். தொடலீங்க.”

“ஏனுங்க புலவரே,” என்றார் மிகவும் கனிவாக, “உங்க ஊட்டுல உங்க தாத்தா ஒண்ணுகூடத் தொடாம உக்காந்திருக்கறப்ப, அவரு மூஞ்சிக்கு முன்னால கையை நீட்டி நீங்க ரெண்டாவது எடுப்பீங்களா? எம்.ஏ. வரைக்கும் படிச்சிருக்கறீங்க. தட்டைத் தூக்கிட்டு அந்தப்பக்கம் எங்காச்சும் வைங்க.”

உள்ளே போனேன். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு நடை. அதில் கை கழுவுகிற தொட்டி. பக்கத்தில் இருந்த அலமாரித் திட்டில் பதினாறு துண்டோடு தட்டை வைத்தேன். அந்த வீட்டின் சின்ன மருமகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “அம்மணி, இது இங்கயே இருக்கட்டுமுங்க. யாரையும் எடுத்துக்கச் சொல்லாதீங்க” என்றேன். சரிங்க என்று தலையாட்டினார்.

மேடத்தின் முறைப்படி நான் அந்த நடையில் நின்று கையை எண்ணியிருக்க வேண்டும். ஆனால் ஒரு வீட்டின் சமையலறை வாசலில், பெண்கள் புழங்குகிற இடத்தில், அந்நிய ஆண் எப்படி நிற்பான்? முன்பக்கம் வந்து உட்கார்ந்தேன். பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவராக எழுந்து கை கழுவ நடைக்குப் போனார்கள், வந்தார்கள். ஒன்றும் சாப்பிடாத பெரியவரே கை கழுவப் போனார். சுத்தம் பார்க்கிற மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். இருபது நிமிடம் கழித்துப் போய்ப் பார்த்தால் தட்டில் தூள்தான் இருந்தது.

சின்ன மருமகள் அந்தத் தட்டைக் கழுவி, வெறும் தட்டாகக் கொடுக்கக் கூடாது என்று நான்கு எலுமிச்சம்பழம் வைத்துக் கொடுத்தார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். கூச்சம் என்று நினைத்தேன். பெரியவர் வாசல்வரை வந்தார். “தம்பி, பொட்டிக்கு ஒண்ணு வெக்காதீங்க. ரெண்டா வெச்சுப்போடுங்க” என்றார். ஒரு துண்டுகூட வாயில் வைக்காத மனிதருக்கு எவ்வளவு பெருந்தன்மை என்று, வேனில் வரும்போது சாந்தாமணி அக்காவிடம் சொன்னேன். அக்கா காலியான தட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். துடியலூர் வருகிறபோது ஒரே ஒரு தடவை, “நெசமாலுமே அவங்களாத்தான் எடுத்தாங்களா தம்பி?” என்றார். அவங்களாத்தானுங்க என்றேன்.

படிவத்தில் ‘இரண்டாவது கை: 16’ என்று எழுதி மேடத்தின் மேஜையில் வைத்தேன். கூடத்தில் இருந்தவர்கள் பதினைந்து, அதில் ஒருவர் சாப்பிடவில்லை, இரண்டாவது கை பதினாறு. கணக்கு இடித்தது. சிலர் மூன்றாவதும் எடுத்திருப்பார்கள் என்று அன்று சமாதானம் வைத்திருந்தேன்.

மேடம் எண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“கையைப் பாத்தீங்களாங்க?”

“பாத்தேனுங்க மேடம்.”

முப்பத்தொரு வருடத்தில் அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. கண்ணாடி வழியாகக் கைமேடை தெரிந்தது. ஏழு பேரும் வேலை செய்வதுபோல நின்று எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடமும் ஒருமுறை அந்தப் பக்கம் திரும்பினார். பிறகு பேனாவை எடுத்து, மிகவும் நிதானமாகத் தன் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கல்யாணத்துக்குப் பெட்டிக்கு இரண்டாகப் போயிற்று. அதைத் தொடர்ந்து வேறு கல்யாணங்கள் வந்தன. கைமேடை அதே இடத்தில் இருந்தது. நான் ஓய்வு பெற்ற நாளன்றும் இருந்தது. சாந்தாமணி அக்கா எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டாலும், விடைபெறும் விழாவுக்கு வந்து, “தம்பி இருந்ததனாலதானுங்க அந்த மேடை நின்னுச்சு” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் மறுக்கவில்லை. மறுக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது.

காந்திபுரம் கூடத்தில் இந்தக் கதையைத்தான் சொன்னேன், மேடத்திடம் சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டு. கூடவே வீட்டிலிருந்து அதே மூன்றடுக்குத் துண்டுகளைச் செய்து எடுத்துப் போயிருந்தேன். துளை போட்ட கிராக்கரும் ஒரு டப்பா. சோதனை என்றால் இப்படி வைக்க வேண்டும், சபையில் பெரியவர் இருந்தால் தட்டை அவர் கண்ணில் படாத இடத்துக்கு மாற்ற வேண்டும், உண்மை தானாக வெளியே வரும் என்று முடித்தேன். நன்றாகக் கை தட்டினார்கள். சில பேர் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். கடைசி வரிசையில் ஒரு பெண் மட்டும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் கலைந்த பிறகு அவர் வந்தார்.

“சார், என்னை அடையாளம் தெரியுதுங்களா? நான் உடுமலைங்க. அந்த ஊட்டுச் சின்ன மருமக நாந்தானுங்க. கவிதா.”

எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வாழும் சாட்சியம் நேரில் வந்து நிற்கிறது. கூட்டத்தைக் கலையவிட்டுவிட்டோமே என்று வருத்தமாகக்கூட இருந்தது. பெரியவர் நலமா என்று கேட்டேன்.

“மாமா நல்லா இருக்கறாருங்க. தொண்ணூறு தாண்டியாச்சு. இன்னும் ஒளிச்சு வெச்சுத்தான் தின்றாருங்க.” கொஞ்சம் தயங்கினார். “சார், சொன்னா வருத்தப்பட மாட்டீங்கல்லங்க?”

“சொல்லுங்க அம்மணி.”

“நீங்க தட்டை வெச்சுட்டு முன்னால போனீங்களா? மாமா கை கழுவறேன்னு வந்தாருங்க. வந்தவரு போகவே இல்லீங்க.”

“மத்தவங்க எல்லாரும் கை கழுவப் போனாங்களே?”

“போனாங்க. மாமா அங்க நிக்கறப்ப யாருங்க பக்கத்துல போவாங்க? கை கழுவாமயே திரும்பிட்டாங்க. நானும் அடுப்படியில இருந்து பாத்துட்டுத்தான் நின்னேன். வெளிய சொல்லக் கூடாதுன்னு என்ற தலைமேல கை வெச்சுச் சத்தியம் வாங்கிப்போட்டாருங்க. இத்தனை வருசமா நானும் சொல்லல. இன்னைக்கு நீங்க பதினாறு கை, பதினாறு கைன்னு சொல்லச் சொல்ல என்னால முடியலீங்க சார்.”

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். ஸ்டெல்லா மேடம் அத்தனை நிதானமாக முழுப்பெயரையும் எழுதியது கண் முன்னால் வந்தது.

“பதினாறுமா?” என்றேன்.

“ஐயோ, இல்லீங்க. பதினஞ்சுதானுங்க. ஒண்ணு எனக்குக் குடுத்தாரு, வாயைத் தொறக்காம இருக்கறதுக்கு.”

தொழில் புத்தி யாரை விட்டது. முப்பத்தொரு வருடத்தில் யாரிடமும் கேட்கக் கூடாது என்று கற்ற கேள்வியை அவரிடம் கேட்டுவிட்டேன். “எப்படி இருந்துச்சுங்க?”

“நல்லா இருந்துச்சுங்க சார்” என்றார் கவிதா, மிகுந்த மரியாதையோடு. “மாமா இன்னொண்ணும் நீட்டுனாருங்க. போதுமுங்க மாமான்னுட்டேன்.”